முப்பத்து நான்காவது இடம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்டோக்கர்ஸ் பேஸ்பால் அணி, மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் டீட்டர் என்ற கேட்சரை வேலையை விட்டு அனுப்பியது. வானொலியில் செய்தி வந்தபோது ரூடி மாருசிச் முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஆறு வருடப் பந்தயத்தில் அவர் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் எழுந்துபோய் ஐஸ் பையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அது திரும்பத் திரும்ப உபயோகிக்கிற பை என்பது நினைவுக்கு வந்து மறுபடி வெளியே எடுத்துக் கழுவினார்.

டீட்டர் போனது போர்ட் ஆல்மா நகரத்தில் ஒரு சலனத்தையும் உண்டாக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறவன். மட்டையைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போன சூட்டோடு திரும்பி வருகிறவன். அவன் வேலை நிலைக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்த ஒரே மனிதர் ரூடிதான். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. பந்தயத்தில் அவருடைய கட்சியே டீட்டர் ஒழிய வேண்டும் என்பதுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம், ஸ்டோக்கர்ஸ் அணி டெல் ஹன்னிகட்டை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இன்னும் மீசை சரியாக முளைக்காத நான்கு பையன்களை வாங்கிக்கொண்டது. ஹன்னிகட் யார் என்று கேட்கிறவர் இந்த ஊர்க்காரர் இல்லை. ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவில் நின்று பந்தைத் தடுக்கிறவர். பதினோரு வருடம் இங்கேயே ஆடியவர். ஊரில் பாதி நாய்களுக்கு அவர் பெயர்தான். அவரைக் கொடுத்துவிட்டு நிர்வாகம் அதற்குப் 'புனரமைப்பு' என்று பெயர் வைத்தது. இந்த ஊரில் எதை இடித்தாலும் அந்தப் பெயர்தான். ரூடி முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த உருக்காலையை இடித்த இடத்திலும் 'புனரமைப்பு' என்று ஒரு பலகை நிற்கிறது. பலகைக்குப் பின்னால் புல் நிற்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை என்றால் குரோயேஷியன் சங்க ஹாலில் பெர்ச் மீன் பொரிப்பார்கள். முட்டைக்கோஸ் நூடுல்ஸ், பீர், பரிசுச் சீட்டுக் குலுக்கல். குலுக்கலுக்கு மைக் பிடிப்பது ரூடியின் மனைவி லோர்னா. அன்று ரூடி அந்த மைக்கை அவள் கையிலிருந்து பிடுங்கி, இருநூறு பேர் மீன் தின்றுகொண்டிருக்கும்போது, "இந்தப் பண்டமாற்றைப் பண்ணினவன் எவனோ, அவனுக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. இதுலேர்ந்து ஒரு மண்ணும் முளைக்காது" என்று அறிவித்தார். ஹால் கைதட்டியது.

கைதட்டாத ஒரே ஆள் அவருடைய நண்பர் ஆர்ட் ஸ்லிவ்கா. ஆர்ட்டுக்கும் அந்தப் பண்டமாற்று பிடிக்கவில்லைதான். ஆனால் ரூடி ஒன்று சொன்னால் மற்றொன்றைச் சொல்வது என்பதை அவர் ஒன்றாம் வகுப்பிலிருந்து கடைப்பிடித்து வருகிறார்.

"ஏன் முளைக்காது? முளைக்கும்டா."

"என்ன பந்தயம்?"

"ஓரத்து சீட்டு."

மீன் தின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைதானத்தில் கே வரிசையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகள். சீசன் டிக்கெட். நடைபாதையை ஒட்டின ஓரத்து இருக்கை ரூடியுடையது. இடது காலை நீட்டிக்கொள்ளலாம். ஏழாவது இன்னிங்ஸில் சிறுநீர் கழிக்கப் போக யார் மடியையும் தாண்ட வேண்டியதில்லை. அறுபது வயதுக்கு மேல் அது சாதாரணச் சொத்து இல்லை.

லோர்னா மைக்கைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, மேசை மேல் விரிக்கும் காகிதம் ஒன்றின் பின்பக்கத்தில் விதிகளை எழுதினாள். ஆறாவது சீசனின் கடைசி வெள்ளிக்கிழமை, ஹன்னிகட்டைக் கொடுத்த வழியாக வந்த ஒருவனாவது அணியில் இருந்து, பெஞ்சைத் தேய்க்காமல் ஆடிக்கொண்டிருந்தால் ஆர்ட் ஜெயித்தார். ஓரத்து இருக்கை அவருக்கு. இல்லாவிட்டால் ரூடி ஜெயித்தார். ஆர்ட் ஒரு சீசன் முழுக்க அவருக்கு பீர் சுமக்க வேண்டும். யார் தோற்றாலும் இதே மைக்கில், இதே ஹாலில், எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மை காய்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான்ப்பா அது."

ரூடியின் மகள் கோரின் கையில் தட்டோடு நின்றிருந்தாள். ஸ்டோக்கர்ஸ் அணியின் அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டர் வேலை என்று ரூடி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். அது என்ன கம்ப்யூட்டர் வேலை என்று அவர் கேட்டதில்லை.

"எதும்மா நீதான்?"

"மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதது. ஹன்னிகட்டைக் குடுத்துட்டு இந்த நாலு பேரைக் கேளுங்கன்னு அறிக்கை எழுதினது நான். ஏழு மாசம் எழுதினேன்."

தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தட்டில் மூன்று மீன் இருந்தது, ஒன்றைக்கூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த ஹாலுக்கு வரவில்லை.

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் செய்வாள், அம்மா போனை அப்பாவிடம் தருவாள். "முட்டி எப்படிப்பா இருக்கு?" "இருக்கு." "அங்க மழையா?" "லேசா." இருவரும் ஒரே ஊரில் நான்கு மைல் இடைவெளியில் இருந்தார்கள். மழை இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகத்தான் பெய்தது. ஐந்து வயதிலிருந்து அவரோடு மைதானத்துக்கு வந்து, ஸ்கோர் அட்டையில் அவர் போடும் தப்புகளைத் திருத்தின பெண். அவளிடமிருந்து பேஸ்பால் பற்றி ஒரு வார்த்தை வராமல் ஆறு வருடம் போய்விட்டது. ரூடிக்கு அது தாங்கவில்லை. தாங்கவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

ஒருமுறை சரணடைந்து பார்த்தார். இரண்டாவது வருடம், நன்றி நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே, "அந்தப் பண்டமாற்று… நீ செஞ்சது சரிதான்னு தோணுது" என்றார்.

"எதை வச்சு?" என்று கேட்டாள் கோரின்.

அந்த வருடம் அணி நூற்று நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்தது.

"சும்மா சொல்லாதீங்கப்பா. குழம்பை இப்படித் தள்ளுங்க."

அன்றைக்கே ரூடிக்குப் புரிந்துவிட்டது. இவளிடம் பிச்சையாகத் தோற்க முடியாது. ஆதாரத்தோடு தோற்க வேண்டும். அந்த நான்கு பையன்களில் ஒருவனாவது முளைத்து, அவர் மூஞ்சியில் கரி பூச வேண்டும். அதே மைக்கில் நின்று அவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஓரத்து இருக்கை போனால் போகட்டும்.

அதனால் வீட்டு அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே, மிஞ்சிப்போன சுவர்க் காகிதத்தின் பின்பக்கத்தில் ஒரு வம்சாவளி வரைந்து வைத்தார். உச்சியில் ஹன்னிகட். கீழே நான்கு கிளைகள். ஒருவனைக் கொடுத்து இன்னொருவனை வாங்கினால் கிளை நீளும், நீல மையில். ஒருவன் தானாகப் போய்விட்டாலோ, அணியே அனுப்பிவிட்டாலோ சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. தன் வம்சத்தில் தாத்தாவுக்கு மேலே யார் என்று ரூடிக்குத் தெரியாது. ஹன்னிகட்டின் வம்சத்தில் ஒரு கொள்ளுப்பேரனைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

முதல் கிளை ப்ரீவோ. பந்தெறிபவன். முழங்கையில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள். இப்போது எங்கோ வீடு விற்கிறான். சிவப்பு. இரண்டாவது அகிரே. கீழ்மட்ட அணிகளில் வானத்தைப் பிளந்து அடித்தவன், மேலே வந்ததும் வளைந்து வரும் பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டான். இப்போது ஜப்பானில் கண்ணைத் திறந்து அடிக்கிறானாம். சிவப்பு. மூன்றாவது ஸ்டாங்கல். அவனைக் கொடுத்து மெல்வின் ட்ரேக் என்ற பழம் தின்று கொட்டை போட்ட பந்தெறிபவரை வாங்கினார்கள். ட்ரேக் ஒரு வருடம் நன்றாக எறிந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் பெரிய பணத்துக்கு மேற்குக் கடற்கரை அணி ஒன்றுக்குப் போய்விட்டார். சிவப்பு. அந்தக் கோட்டை ரூடி அழுத்திப் போட்டிருந்தார், காகிதம் கிழிந்திருந்தது. நான்காவது கிளை மட்டும் மூன்று கை மாறி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தேய்ந்து, டீட்டர் என்ற கேட்சரில் வந்து நின்றது.

இப்போது அதுவும் இல்லை. ரூடி அடித்தளத்துக்கு இறங்கிப் போய் சிவப்பு பேனாவை எடுத்தார். கோடு போட்டு முடிக்கும்போது மேலே போன் அடித்தது.

"சந்தோஷமா இருக்கியா?" என்றார் ஆர்ட்.

"இருக்கேன்."

"குரலைக் கேட்டா அப்படித் தெரியலியே."

"முட்டி வலி."

"வெள்ளிக்கிழமை மைக்குல நான் என்னடா சொல்லணும்? அந்தப் பொண்ணுக்கு நான் ஞானத்தகப்பன். 'கோரின் பண்ணினது முட்டாள்தனம்'னு இருநூறு பேருக்கு நடுவுல நான் எப்படிச் சொல்றது?"

"பேரைச் சொல்லாத."

"பேரைச் சொல்லாட்டா தெரியாதா? மீன் பொரிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். நீ விட்டுக்குடுத்துடேன்."

"விட்டுக்குடுத்தா அவ கண்டுபிடிச்சுடுவா."

"அப்ப நீ ஒரு மடையன். நானும் ஒரு மடையன். நாளைக்கு ஆட்டத்துக்கு வர்றியா இல்லையா?"

"வரேன்."

புதன்கிழமை மதியம் உள்ளூரில் கடைசி ஆட்டம். ஸ்டோக்கர்ஸ் அதுவரை எழுபத்தொன்பது ஜெயித்து எழுபத்தொன்பது தோற்றிருந்தது. புனரமைப்பு வெற்றியா தோல்வியா என்று செய்தித்தாள்காரர்கள் ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அணியோ இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ளாமல் நடுவில் நின்றது. ஏரிக் காற்று சிலுசிலுவென்று அடித்தது. ரூடி ஓரத்து இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு, தொடை மேல் ஸ்கோர் அட்டையை வைத்துக்கொண்டார். ஆர்ட் வேர்க்கடலை உரித்தார்.

பந்தெறிந்தது ஹாலிஸ் க்ரூம் என்ற பையன். மே மாதம் மேலே வந்தவன், இருபத்து மூன்று வயது, ஒட்டடைக்கம்பு மாதிரி உடம்பு. ஐந்து இன்னிங்ஸ் வரை எதிரணியில் ஒருவனும் முதல் தளத்தைக்கூட மிதிக்கவில்லை. ஊர் இந்தப் பையன்மேல் உயிரையே வைத்திருந்தது. ஹன்னிகட் என்று பெயர் வைத்த நாய்கள் செத்துப்போன வீடுகளில் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு க்ரூம் என்று பெயர் வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"இவன் மட்டும் உன் வம்சாவளியில இருந்திருந்தா" என்றார் ஆர்ட், "நான் இந்நேரம் அந்தப் பக்கம் உக்காந்து காலை நீட்டியிருப்பேன்."

"இவன் டிராஃப்ட்ல வந்தவன்டா. காலேஜ்லேர்ந்து நேரா பொறுக்கினது. ஹன்னிகட்டுக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"தெரியும். ஆசைக்குச் சொன்னேன்."

ஆறாவது இன்னிங்ஸுக்கு முன்னால் பெரிய திரையில் க்ரூமின் படத்தைப் போட்டார்கள். படத்துக்குக் கீழே அவன் ஊர், எடை, படித்த கல்லூரி, மூன்று வருடத்துக்கு முன்னால், அணிகள் முறை போட்டுப் புதுப் பையன்களைப் பொறுக்கும் டிராஃப்டில் முப்பத்து நான்காவது ஆளாக எடுக்கப்பட்டவன் என்ற விவரம்.

ரூடி அட்டையில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"முப்பத்து நாலா?"

"என்ன முப்பத்து நாலு?"

"அந்த வருஷம் நமக்கு ஒன்பதாவது இடம்டா. ஒன்பதாவது ஆளா அந்த மூன்றாம் தளத்துக்காரனை எடுத்தோம்."

"ஆமா, அதுக்கென்ன? ரெண்டாவது சுத்துல இவனை எடுத்திருப்பாங்க."

"மொத்தம் முப்பது அணி. ரெண்டாவது சுத்துல நம்ம முறை நாப்பதைத் தாண்டித்தான் வரும். நடுவுல முப்பத்து நாலுல நாம எப்படி வந்தோம்?"

ஆர்ட் வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "எவனாவது லீவு போட்டிருப்பான்" என்றார்.

ரூடி எழுந்தார். ஆறாவது இன்னிங்ஸில், ஒருவனும் தளம் தொடாத ஆட்டத்தில், ரூடி மாருசிச் மைதானத்தை விட்டுக் கிளம்புவதை ஆர்ட் அறுபது வருடத்தில் பார்த்ததில்லை. மாரடைப்பு என்று நினைத்துக் கூடவே ஓடினார். ரூடி காலை இழுத்துக்கொண்டு வாகன நிறுத்தத்துக்கு விரைந்தார். அதற்குள் உள்ளே ஒரு பெரிய 'ஓ' கேட்டது. எவனோ க்ரூமின் பந்தை அடித்துவிட்டான். ஆர்ட் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ரூடி வீட்டு அடித்தளத்தில் அணியின் பழைய வருடாந்தரக் கையேடுகள் அட்டைப்பெட்டியில் இருந்தன. அந்த வருடத்துக் கையேட்டில், எழுபத்தாறாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில் விடை இருந்தது. நல்ல ஆட்டக்காரன் ஒருவன், அணி தருவதாகச் சொன்ன பெரிய சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு அணிக்குப் போனால், இழந்த அணிக்கு ஆறுதலாக அடுத்த டிராஃப்டில் கூடுதலாக ஓர் இடம் கொடுப்பார்கள். இது ரூடிக்குத் தெரியாத சட்டம் இல்லை. ஊரில் பத்துப் பேருக்கு அவரே விளக்கிச் சொல்லியிருக்கிறார். ஆனால் ட்ரேக் போன அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் சிவப்புக் கோட்டைக் கிழித்தவர், அடுத்த கோடையில் அந்தக் கோட்டுக்குக் கீழே யாராவது முளைத்தார்களா என்று பார்க்கவில்லை. செத்த கிளையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஹன்னிகட்டைக் கொடுத்து ஸ்டாங்கல். ஸ்டாங்கலைக் கொடுத்து ட்ரேக். ட்ரேக் போனதற்கு முப்பத்து நான்காவது இடம். அந்த இடத்தில் க்ரூம்.

ரூடி துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். அது ஓடிக்கொண்டிருந்தது, அவரும் சேர்ந்து ஆடினார்.

"என்னடா, சொல்லித் தொலை" என்றார் ஆர்ட்.

ரூடி சொன்னார். ஆர்ட் வம்சாவளியைப் பார்த்தார், கையேட்டைப் பார்த்தார், மறுபடி வம்சாவளியைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எனக்கு இது அப்பவே தெரியும்."

"தெரியும்னா நேத்து எதுக்குடா போன்ல அழுதே?"

"உன்னைச் சோதிச்சேன்."

ரூடி போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில், அவராகவே, மகளுக்கு. மணி நான்கு. கோரின் அலுவலகத்தில் இருந்தாள்.

"அப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மா நல்லாத்தான் இருக்கா. முப்பத்து நாலாவது இடம், ட்ரேக் போனதுக்குக் கிடைச்சது."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது, ஒரு கதவு சாத்தப்பட்டது.

"ஆமா" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அந்த இடத்துல க்ரூமை எடுங்கன்னு சொன்னதே நான்தான்ப்பா. எல்லாரும் இவ்வளவு ஒல்லியா இருக்கான்னாங்க."

"மூணு வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. முட்டியைப் பத்தியும் மழையைப் பத்தியும்தானே பேசினோம்."

மகளிடம் சொல்ல வேண்டிய பெரிய வார்த்தைகள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. வாயைத் திறந்ததும், "வெள்ளிக்கிழமை ஹால்ல மீன்" என்பது மட்டும் வந்தது.

"வேலை இருக்குப்பா. பாக்கறேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. ஆர்ட் தோற்றுப்போய் மைக்கில் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு, மீன் பிடிக்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆர்ட் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கழுத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. ஸ்டோக்கர்ஸ் வெளியூரில் நிதானமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. ஆறு மணி ஆனது. ஆறேகால் ஆனது. ரூடி வாசலைப் பார்த்தார். லோர்னா ரூடியைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்? ஜனங்க குலுக்கலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள்.

"ரெண்டு நிமிஷம்."

"அவ வரலேன்னா?"

"வரலேன்னாலும் சொல்லித்தானே ஆகணும்."

மைக்கை வாங்கிக்கொண்டார். ஹால் சிரித்தது, ஜெயித்தவன் முதலில் பேச வருகிறான் என்று நினைத்தார்கள். ரூடி எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தார், கண்ணாடி வீட்டில் இருந்தது, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இந்த மைக்குல நான் ஒண்ணு சொன்னேன். அதைத் தப்புன்னு சொல்ல வந்திருக்கேன்."

யாரோ ஒருவர் முள்கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

அவர் வரிசையாகச் சொன்னார். ஸ்டாங்கல், ட்ரேக், முப்பத்து நான்கு, க்ரூம். சிவப்புக் கோட்டைக்கூட மறைக்கவில்லை. "ஹாலிஸ் க்ரூம் ஹன்னிகட்டோட கொள்ளுப்பேரன். நான்தான் அவனைப் பிறக்கறதுக்கு முன்னாடியே சாகடிச்சுட்டேன். இந்தப் பண்டமாற்றைப் பண்ணினவங்களுக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியும். எனக்குத்தான் தெரியலை. புனரமைப்பு ஜெயிச்சுடுச்சு. ஆர்ட், ஓரத்து சீட்டை எடுத்துக்கோ."

ஹால் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. ஆர்ட் எழுந்து நான்கு பக்கமும் தலை வணங்கினார். அந்தச் சத்தம் அடங்கும்போது, மீன் வாங்கும் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்லப்பா."

கோரின் கையில் தட்டோடு நின்றிருந்தாள். அலுவலக அட்டை இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எது இல்ல?" என்றார் ரூடி, மைக்கிலேயே.

"ஜெயிக்கலை. பந்தயத்துல ஆர்ட் மாமா ஜெயிச்சார், சரி. புனரமைப்பு ஜெயிக்கலை. தோத்துடுச்சு."

"யார் சொன்னது?"

"நான் சொல்றேன். போன மாசம் மேலிடத்துக்கே எழுதிக் குடுத்துட்டேன்."

ரூடி மைக்கை லோர்னாவிடம் கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு மகளிடம் வந்தார். ஆர்ட் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். கோரின் உட்கார்ந்தாள். ரூடி எதிரே உட்கார்ந்தார். இருநூறு பேர் குலுக்கலைக் கவனிப்பதுபோல் காதை இங்கே வைத்திருந்தார்கள்.

"கணக்கு சொல்றேன் கேளுங்க" என்றாள் கோரின். "ஹன்னிகட் அங்க போய் நாலு சீசன் ஆடினார். அவர் இல்லாம இருந்தா அவங்க தோத்திருக்க வேண்டிய ஆட்டம் இருபத்திரெண்டு. அதை அவர் ஜெயிச்சுக் குடுத்தார். நமக்கு இந்த நாலு கிளையிலயும் சேர்த்து ஒன்பதுதான். க்ரூமையும் சேர்த்து."

"க்ரூமுக்கு இருபத்து மூணு வயசும்மா! இன்னும் அஞ்சு வருஷம் நம்மகிட்டதான் இருப்பான்!"

"பந்தெறியறவன் முழங்கையை நம்பி அஞ்சு வருஷத்தைக் கூட்டக்கூடாதுப்பா. ப்ரீவோவை அப்படிக் கூட்டித்தான் நான் மாட்டிக்கிட்டேன்." ஒரு மீனை எடுத்துக் கடித்தாள். "நாலு பேரை எடுத்தேன், மூணு பேர் வெத்து. க்ரூம் கிடைச்சது பாதி அதிர்ஷ்டம். ட்ரேக் நல்லா எறிஞ்சது என் புத்திசாலித்தனம் இல்லை."

"அதிர்ஷ்டமா? எல்லாரும் ஒல்லின்னு சொன்னப்ப நீதானே அவனை எடுக்கச் சொன்னே?"

"அது வேற கணக்கு. அதையும் இதையும் குழப்பாதீங்க."

"நீதான் குழப்பற. வேர் ஒண்ணு, மரம் ஒண்ணு. அவன் அந்த மரத்துலதான் காய்ச்சான்."

"அப்பா, உங்களுக்கு மரம் வரையத் தெரியுது, கூட்டத் தெரியலை."

"எனக்கா? எனக்கா கூட்டத் தெரியலை? டேய் ஆர்ட், இவ என்ன சொல்றா பாரு!"

"என்னை இழுக்காத" என்றார் ஆர்ட். "எனக்கு ஓரத்து சீட்டு வந்துடுச்சு. எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு."

லோர்னா குலுக்கலை முடித்தாள். பரிசாக வைத்திருந்த பன்றித் தொடைக்கறி யாருக்கு விழுந்தது என்று விழுந்தவருக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். ரூடி மேசைக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு ஹன்னிகட்டிலிருந்து மறுபடி வரைந்தார். கோரின் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, ஐந்து வயதில் செய்தது போலவே, அவர் எழுதினதை அடித்துத் திருத்தினாள். அவர் அவளைப் பிடிவாதக்காரி என்றார். அவள் அது யாரிடமிருந்து வந்தது என்றாள். அவர் அவளுடைய அறிக்கை உலகத்திலேயே சிறந்த அறிக்கை என்று மேசையைத் தட்டினார், இதுவரை அதில் ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை. அவள் அது எவ்வளவு மட்டம் என்று பக்க எண்ணோடு சொன்னாள். சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. ஆறு வருடமாக அந்தக் குடும்பத்தில் யாரும் இவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டதில்லை.

நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தபோது கோரின் எழுந்தாள். தட்டில் மூன்று மீனில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"நீங்க ஒத்துக்கப்போறதில்லை" என்றாள்.

"எப்படி ஒத்துக்கறது? நீ செஞ்சது சரி."

"சரி, அடுத்த வெள்ளிக்கிழமை வரேன். எல்லா எண்ணும் எடுத்துக்கிட்டு வரேன். நான் செஞ்சது தப்புன்னு உங்களுக்கு நிரூபிச்சுக் காட்டறேன்."

ரூடி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டார்.

"ஒரு வெள்ளிக்கிழமை போதாது" என்றார்.